இடுப்பு மூட்டு மாத்தின பிறகு கழலாம பாத்துக்கிறது எப்படி? வீட்ல பாத்தவங்க சொல்லுங்க

28 செப்டம்பர் 2024, மாலை 6.10 (மலேசியாவுல பினாங்கு பக்கத்துப் பிறை ஊர்க்காரர், பிறைவாசிங்கற பேர்ல கேட்டது)

அப்பாவுக்கு 71 வயசு, வலது இடுப்பு மூட்டு முழுசா தேஞ்சு போச்சு, வர்ற வெள்ளிக்கிழமை ஆபரேஷன். புது மூட்டு முதல் மூணு மாசத்துல கழண்டு வரலாம்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து தூக்கமே இல்ல. மச்சான் சொல்றாரு, கீழ விழுந்தாதான் கழலும், நடக்க விடாம படுக்க வெச்சிட்டா போதும்னு. அது சரியா? யார் வீட்லயாவது நடந்திருக்கா?

28 செப்டம்பர் 2024, இரவு 10.45 (பினாங்கு ஆயர் ஈத்தாம் மகள் எழுதினது, இனி கீழ இருக்கிறது எல்லாம் இவங்களோடது)

மச்சான் சொல்றது தப்பு. எங்கம்மா விழவே இல்ல, சோபாவுல உக்காந்த இடத்துலயே கழண்டுச்சு.

அம்மாவுக்கு 68. ஆகஸ்ட் 6ஆம் தேதி ஆபரேஷன், வலது பக்கம். மறுநாளே வாக்கர் பிடிச்சு நின்னாங்க, அஞ்சாம் நாள் வீட்டுக்கு வந்துட்டோம். எங்க வீடு பிளாட்டு, 14வது மாடி. நடக்கும்போது விழுந்துடக்கூடாதுன்னு பின்னாடியே போவேன், கக்கூஸ் வாசல்ல நிப்பேன், ராத்திரி ரெண்டு தடவை எழுந்து பாப்பேன். உக்காந்துட்டாங்கன்னா அப்பாடான்னு சமையல்கட்டுக்குப் போயிடுவேன். 25ஆம் தேதி ஞாயித்துக்கிழமை மத்தியானம் பருப்பு கடைஞ்சிட்டு இருக்கேன், ஹால்ல டப்புன்னு ஒரு சத்தம், தாழ்ப்பாள் விழுந்த மாதிரி, உடனே அம்மாவோட அலறல். ஓடிப்போய் பாத்தா சோபாவுக்கு வலது பக்கம் தரையில வெத்தலைப் பெட்டி மூடி திறந்து கிடக்கு, பாக்கு டிவி மேசைக்கு அடியில வரைக்கும் உருண்டு போயிருக்கு. அதை எடுக்கத்தான் அம்மா உக்காந்தபடியே வலது பக்கம் உடம்பைத் திருப்பி குனிஞ்சிருக்காங்க. வலது கால் இடது காலைவிட குட்டையா தெரியுது, முட்டியும் பாதமும் உள் பக்கமா திரும்பி கிடக்கு, பெருவிரல் இடது காலைப் பாக்குது. அந்தக் கால் கிடந்த கோலம் இன்னும் கண்ணை விட்டுப் போகல.

பிறகு டாக்டர் சொன்னாரு, மூணு காரியம் ஒண்ணா சேந்துச்சும்மான்னு. தாழ்வான இடத்துல உக்காந்தது, அதுக்கு மேல குனிஞ்சது, ஆபரேஷன் பண்ண பக்கமாவே திரும்பினது. ஒவ்வொண்ணா நடந்திருந்தா ஒருவேளை தப்பிச்சிருக்கும்.

28 செப்டம்பர், இரவு 11.50

தூங்கப் போறதுக்கு முன்னாடி இதையும் எழுதிடுறேன், இது அவசரம். கழண்டுச்சுன்னா யாரும் காலைப் பிடிச்சு இழுக்கக்கூடாது. அன்னைக்கு சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஐயா நல்ல மனுஷன், எஸ்டேட் தோட்டத்துல இருந்த காலத்துல எத்தனையோ பேருக்கு சுளுக்கு எடுத்தவரு, எண்ணெய் கொண்டாம்மா நான் உருவி விடுறேன்னு உக்காந்துட்டாரு. நான் கையெடுத்துக் கும்பிட்டு வேணாங்கய்யான்னு சொல்லிட்டேன். உள்ள இருக்கிறது நம்ம எலும்பு இல்ல, உலோகத் தண்டு. தெரியாம இழுத்தா தொடை எலும்பு உடையலாம், நரம்பு அடிபடலாம்.

இங்க மலேசியாவுல ஆம்புலன்ஸுக்கு 999 கூப்பிடுங்க. கால் எப்படி இருக்கோ அப்படியே விட்டு, முட்டிக்கு அடியில தலகாணி வெச்சு தாங்கிக் கொடுங்க. எழுப்பி நிக்க வைக்காதீங்க. தண்ணி, சாப்பாடு எதுவும் கொடுக்காதீங்க, மயக்கம் கொடுத்துத்தான் திரும்ப உள்ள தள்ளுவாங்க. அம்மா ஒரு வாய் மைலோ கேட்டாங்க, கொடுக்காம இருக்க எனக்கு மனசே வரல, ஆனா கொடுக்கல. ஆம்புலன்ஸ் ஆளுங்க வந்தப்ப ஸ்ட்ரெச்சர் படுத்த வாக்குல எங்க லிஃப்ட்ல நுழையல, தலைப்பக்கத்தை நிமித்தி வெச்சு கொண்டு போனாங்க, அந்த 14 மாடியும் அம்மா என் கையை விடல. பிளாட்டுல இருக்கிறவங்க லிஃப்ட் ஆழத்தை இப்பவே பாத்து வெச்சுக்குங்க.

29 செப்டம்பர், காலை 7.20

படுக்க வெச்சா போதும்னு சொன்ன விஷயத்துக்கு வர்றேன், நேத்து விட்டுட்டேன். படுக்கையிலயே போட்டா காலுல ரத்தம் உறையும், அது நெஞ்சுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. அதுக்காகத்தான் அம்மாவுக்கு வயித்துல தினமும் ஒரு ஊசி போட்டோம். கெண்டைக்கால் திடீர்னு வீங்கினாலும் வலிச்சாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இன்னொண்ணு, மூட்டைப் பிடிச்சு வைக்கிறது இடுப்பைச் சுத்தி இருக்கிற சதைதான். நடக்காத காலுல சதை வத்திடும், வத்தின சதை எதைப் பிடிச்சு வைக்கும்? அப்பாவை நடக்க வைங்க, மச்சான்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

கழலுறது எப்படின்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். ஒரு கிண்ணம், அதுக்குள்ள ஒரு பந்து, பந்து ஒரு கழுத்து மேல உக்காந்திருக்கு. முட்டியை ரொம்ப மேல தூக்கினாலோ ரொம்பக் குனிஞ்சாலோ அந்தக் கழுத்து கிண்ணத்தோட விளிம்புல போய் இடிக்கும். இடிச்ச பிறகும் விடாம மடக்கினா கடப்பாரையால நெம்புற மாதிரி பந்து பின்பக்கமா வெளிய வரும். பின்பக்கம்தான் ஆபரேஷனுக்காக வெட்டித் தைச்சிருக்காங்க, அந்தத் தையல் ஆறி கெட்டியாகிற வரைக்கும் அங்க காவல் கம்மி. அதனாலதான் முதல் ஆறு வாரம், முதல் மூணு மாசம்னு அடிச்சுச் சொல்றாங்க. முதல் தடவை மாத்துறவங்கள்ல 100 பேருக்கு 1லேர்ந்து 3 பேர் வரைக்கும் கழலுதாம், அதுல பாதிக்கு மேல இந்த முதல் மூணு மாசத்துல. 100ல மூணுதானேன்னு நானும் நினைச்சேன், அந்த மூணுல எங்கம்மா.

30 செப்டம்பர், இரவு 9.30

எனக்குக் கிடைச்ச ஆஸ்பத்திரி காகிதத்தைப் பத்தி. எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, எழுத மாட்டேன். ஒரு பக்கம் இங்கிலீஷ், இடுப்பை 90 டிகிரிக்கு மேல மடக்காதே, காலைக் குறுக்கே போடாதே, உள் பக்கம் திருப்பாதேன்னு மூணு வரி, கூட ஒரு வெள்ளைக்காரப் பாட்டி குளியல் தொட்டியில இறங்குற படம். அம்மா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில மூணாம் வகுப்பு வரைக்கும் படிச்சவங்க. 90 டிகிரி அவங்களுக்கு என்ன தெரியும்? எனக்கே அது சோபாவுக்கும் சேத்துத்தான்னு உறைக்கல. எங்க வீடுகள்ல மணை இருக்கு, முக்காலி இருக்கு, குந்துற கக்கூஸ் இருக்கு, தரையில விளக்கு இருக்கு. எல்லாமே தாழ்வு. எங்க ஜனங்களுக்கு ஆபத்து நடையில இல்ல, தாழ்வுல இருக்குன்னு அந்தக் காகிதத்துல ஒரு வரி தமிழ்ல இருந்திருந்தா ஆகஸ்ட் 25 எங்களுக்கு வேற மாதிரி போயிருக்கும். இதை நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

ஆபரேஷனுக்கு முன்னாடியே ஒரு அளவு டேப் வாங்குங்க, பிறைவாசி. அப்பாவைச் செருப்போட நிக்க வெச்சு தரையிலேர்ந்து முட்டிக்குப் பின்னாடி மடிப்பு வரைக்கும் அளங்க. அம்மாவுக்கு 41 சென்டிமீட்டர். அவங்க உக்கார்ற எல்லா இடமும் அதைவிட அஞ்சாறு சென்டிமீட்டராவது உசரமா இருக்கணும், முட்டியைவிட இடுப்பு மேல இருக்கணும், அவ்வளவுதான் கணக்கு. எங்க சோபா 43, சரியாத்தானே இருக்குன்னு தோணும். ஆனா பஞ்சு அமுங்குது. ஆள் உக்காந்த பிறகு அளந்தா 33! ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னைக்குத்தான் இதை அளந்தேன். அளந்துட்டு அந்த டேப்பைக் கையில வெச்சுக்கிட்டே அழுதேன்.

டேப் இல்லாமலும் ஒரு வழி, அம்மாவுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிற பிசியோதெரபி தங்கச்சி சொன்னதை நாங்க எலுமிச்சம்பழத்தை வெச்சு பண்ணோம். உக்காந்திருக்கிறவங்க தொடை மேல ஒரு பழத்தை வைங்க. முட்டிப் பக்கம் உருண்டா நல்ல நாற்காலி. வயித்துப் பக்கம் உருண்டு வந்தா அந்த நாற்காலி வேணாம். அம்மாவுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு, எந்த வீட்டுக்குப் போனாலும் பழம் கொண்டாங்கன்னு கேக்குறாங்க.

1 அக்டோபர், மதியம் 1.15

பிறைவாசி, உங்க அப்பாவுக்கு முதுகுத்தண்டுல ஸ்க்ரூ போட்டிருக்குன்னு இப்பத்தான் எழுதுறீங்க! அதை மூட்டு டாக்டர்கிட்ட தெளிவா சொல்லியாச்சா? நாம உக்காரும்போது கீழ்முதுகு வளைஞ்சு இடுப்பெலும்பு பின்னாடி சாயும், கிண்ணமும் கூடவே திரும்பி பந்துக்கு இடம் கொடுக்கும். முதுகு இறுகிப் போனவங்களுக்கு அது சாயாது, கழுத்து சீக்கிரம் இடிக்கும், அதனால கழலுற வாய்ப்பு கூட. இன்னைக்கே போன் பண்ணுங்க. வெள்ளிக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு.

1 அக்டோபர், இரவு 8.00

பிறைவாசி டாக்டர்கிட்ட சொல்லிட்டாராம். எக்ஸ்ரே திரும்ப எடுக்கச் சொல்லியிருக்காங்களாம், உக்காந்து ஒண்ணு நின்னு ஒண்ணு. நல்லது.

5 அக்டோபர், காலை 10.05

பிறைவாசி அப்பாவுக்கு நேத்து ஆபரேஷன் முடிஞ்சுதாம், கேட்டு சந்தோஷம். இரட்டை அசைவு மூட்டு போட்டிருக்காங்களாம். சின்ன பந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள்ள சுத்தும், அந்தப் பெரிய பந்து கிண்ணத்துக்குள்ள சுத்தும், அதனால கழலுறது கஷ்டம். பிரான்ஸ்ல பூஸ்கேன்னு ஒரு டாக்டர் 1970கள்ல கொண்டு வந்ததாம். ஆனாலும் கழலவே கழலாதுன்னு இல்ல, நாற்காலியை அளக்குறதை விட்டுடாதீங்க.

இனி கக்கூஸ். எங்க வீட்ல உக்கார்ற கக்கூஸ்தான், இருந்தும் உசரம் 38. மேல கவ்விப் பிடிக்கிற இருக்கை விக்குது, நான் அதை வாங்கல, ரெண்டு பக்கமும் கைப்பிடி வேணும்னு கமோட் நாற்காலி, நடுவுல ஓட்டையும் அடியில வாளியும் இருக்கிறது, வாங்கினேன். பகல்ல வாளியை எடுத்துட்டு கக்கூஸ் மேலயே தூக்கி வெச்சிடுவேன், ராத்திரி கட்டில் பக்கத்துல. கால் நாலும் ஒரே உசரத்துல இருக்கான்னு பட்டன் சத்தம் கேக்குற வரைக்கும் தள்ளிப் பாருங்க. என் பையன் அதுக்குப் பாட்டி சிம்மாசனம்னு பேர் வெச்சிருக்கான். குந்துற கக்கூஸ் மட்டும் இருக்கிற வீடுன்னா இந்த நாற்காலி இல்லாம ஆளை வீட்டுக்கே கூட்டிட்டு வராதீங்க.

குளிக்கிற இடம். நம்ம ஆளுங்க வாளியிலேர்ந்து மொண்டு ஊத்தித்தான் குளிப்பாங்க, வாளி தரையில இருக்கும், ஒவ்வொரு சொம்புக்கும் ஒரு குனிவு. வாளியை ஒரு ஸ்டூல் மேல வெச்சேன், தீர்ந்துச்சு. ஈரத் தரைக்கு ரப்பர் விரிப்பு, ஹால்ல இருந்த கால்மிதி எல்லாம் சுருட்டி அலமாரிக்கு மேல. ஜப்பான் சிலிப்பர், அதான் ரப்பர் ஹவாய் செருப்பு, கூடாது, பின்பக்கம் வார் வெச்ச செருப்பு.

6 அக்டோபர்

படுக்கும்போது காலுக்கு நடுவுல வைக்கிற தலகாணி பத்தி ஒரு அக்கா கேட்டாங்க, ரெண்டு முட்டிக்கும் நடுவுல வெச்சா போதும்னு பதில் போட்டேன். தப்பு. முட்டியோட நின்னா பாதம் கீழ தொங்கும், தொங்கினா கால் உள் பக்கம் திரும்பும். தொடையிலேர்ந்து கணுக்கால் வரைக்கும் நீட்டா தாங்கணும். நாங்க பஞ்சு மெத்தை ஒண்ணை சுருட்டிக் கட்டி வெச்சோம். மல்லாந்து படுக்கிறதுதான் நல்லது, ஒருக்களிக்கணும்னா டாக்டர் சரின்னு சொன்ன பிறகு.

8 அக்டோபர், இரவு 11.10

கோலாலம்பூர்ல இருக்கிற ஒருத்தர் எழுதியிருக்காரு, அவர் மாமாவுக்கு முன்பக்கமா வெட்டி மூட்டு மாத்தினாங்களாம், எந்தக் கட்டுப்பாடும் இல்ல, எப்படி வேணா உக்காருன்னு டாக்டரே சொன்னாராம், நான் சும்மா பயமுறுத்துறேனாம். ரெண்டு நாள் யோசிச்சேன். அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. நான் இதுவரைக்கும் எழுதினது பூரா பின்பக்கமா வெட்டினவங்களுக்கு, அதை முதல் வரியிலயே சொல்லியிருக்கணும். முன்பக்கமா வெட்டினா பின்பக்கத்துச் சதை அப்படியே இருக்கும், பின்னாடி கழலுற பயம் கம்மி. அவங்களுக்கு ஆபத்து நேரெதிர்ல, காலைப் பின்னாடி நீட்டி பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும்போது. பின்பக்கமா வெட்டினவங்களுக்கே கெடுபிடியைத் தளர்த்துற டாக்டர்கள் இப்ப இருக்காங்க, பந்தும் பெரிசு, பின்பக்கம் தைக்கிற முறையும் மேம்பட்டிருக்குங்கறாங்க. ரொம்பக் கெடுபிடி பண்ணா ஆள் பயந்து நடக்காமயே போயிடுறாங்கன்னும் ஒரு பேச்சு. அதையும் நான் கண்ணால பாத்தேன், ரெண்டாவது தடவை வீட்டுக்கு வந்த பிறகு அம்மா ஒரு வாரம் கட்டிலை விட்டு எழவே மாட்டேன்னுட்டாங்க.

அதனால டாக்டர்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது, எந்தப் பக்கம் வெட்டினீங்க, எங்க ஆளுக்கு எது கூடாது, எத்தனை வாரம். வாயால சொல்றதைத் தமிழ்ல எழுதி சுவத்துல ஒட்டுங்க. ஞாபக மறதி இருக்கிறவங்க, நடுக்க வாதம் இருக்கிறவங்க, குடிப் பழக்கம் இருக்கிறவங்க, ரெண்டாவது தடவை மூட்டு மாத்தினவங்க, இவங்களுக்கு எந்த டாக்டர் தளர்த்தினாலும் நான் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேப்பேன்.

12 அக்டோபர், மாலை 5.40

ஆயுத பூஜைக்கு நான் தையல் மிஷினுக்குச் சந்தனம் வெச்சிட்டு திரும்பினா, அம்மா வாக்கரோட நாலு காலுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, மேல ஒரு முழம் பூ சுத்தி வெச்சிருக்காங்க. இதுதான் இப்ப என் வண்டி, இதுக்கு இல்லாத பூஜையாங்கறாங்க. குனியாம எப்படிம்மா அடிக்கால் வரைக்கும் வெச்சீங்கன்னு எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. வாக்கரைத் தூக்கிக் கட்டில் மேல படுக்க வெச்சு வெச்சாங்களாம்! மூணு மாசத்துக்கு முன்னாடி இருந்த அம்மாவா இருந்தா நேரா குந்தியிருப்பாங்க. அவங்களுக்கு விஷயம் உடம்புலயே பதிஞ்சிடுச்சுன்னு அப்பத்தான் எனக்கு நிம்மதி.

சாமி விளக்கு எங்க வீட்ல தரையில பலகை மேல இருந்துச்சு. அதை மேசைக்கு மாத்த அம்மா முதல்ல ஒத்துக்கவே இல்ல, மாமனார் வெச்ச இடம்னு. மல்லுக்கட்டாம, வெள்ளிக்கிழமை விளக்கு நீங்கதான் ஏத்தணும், குனியவும் கூடாது, அப்ப விளக்குதானே மேல வரணும்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, சரி மாத்துன்னாங்க. மேசை உசரம் 75, நின்னபடியே ஏத்துறாங்க.

13 அக்டோபர்

கைலி கட்டுறவங்களுக்கு: தலை வழியா போடுங்க. காலை விட்டு ஏத்தாதீங்க. உள்பாவாடை, பேன்ட்டு இதுக்கெல்லாம் ஆபரேஷன் கால் முதல்ல நுழையணும், கழட்டும்போது கடைசியா வரணும். கைலி நுனி வாக்கர் காலுல மாட்டாம நாலு விரல் ஏத்திக் கட்டுங்க.

19 அக்டோபர், இரவு 10.20

பிறைவாசி அப்பா இன்னைக்குத்தான் முதல் தடவையா காருல வெளிய போகப் போறாராம், எப்படி ஏத்துறதுன்னு கேட்டிருந்தாரு, நான் லேட்டா பாத்தேன், அதுக்குள்ள போயிட்டு வந்திருப்பாங்க. இருந்தாலும் எழுதுறேன். முன் சீட்டு, முழுசா பின்னாடி தள்ளி, முதுகைச் சாய்ச்சு வைங்க. உக்கார்ற இடம் பள்ளமா இருந்தா கெட்டிப் பஞ்சு ஒண்ணு வெச்சு மேடாக்குங்க. அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் பை, பாசார்ல, அதான் சந்தையில, மீன் வாங்கினா கொடுப்பாங்களே அந்த மாதிரி, வழுக்கித் திரும்ப வசதியா இருக்கும். காருக்கு முதுகைக் காட்டி நின்னு, காலை முன்னாடி நீட்டி, பின்பக்கமா உக்காந்து, உடம்பைச் சாய்ச்சபடியே ரெண்டு காலையும் சேத்து உள்ள கொண்டு போகணும், இடுப்பு மட்டும் தனியா முறுக்கக்கூடாது. வண்டி ஓடுறப்ப பையை உருவிடுங்க, பிரேக் போட்டா முன்னாடி வழுக்கும். எங்க தம்பியோட பழைய கான்சில் குட்டிக் காருல அம்மாவை ஏத்தவே விடல, அது அவ்வளவு தாழ்வு. அல்சாங்கற உசரமான காருல ஏத்தினோம். கிராப் வாடகைக் கார் கூப்பிட்டாலும் ஆறு பேர் உக்கார்ற வண்டியா போடுங்க, அஞ்சு வெள்ளி (ரிங்கிட்) கூட ஆனாலும் பரவால்ல.

படிக்கட்டுக்கு எங்க பிசியோ தங்கச்சி சொல்லிக் கொடுத்தது: நல்லது மேலே, நொந்தது கீழே. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல. அம்மா வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே ஏறுவாங்க. நடந்துட்டுத் திரும்பும்போது ஆபரேஷன் காலை ஊனி சுத்தாதீங்க, குட்டிக் குட்டி அடியா வட்டம் போட்டுத் திரும்புங்க.

மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) பிளாஸ்டிக் நாற்காலி பத்தி ஒருத்தர் கேட்டாரு. கை இல்லாத நாற்காலி வேணாங்க. எழும்போது முன்னாடி குனிஞ்சு எழுவோம், அதுவே பிரச்சனை. நாற்காலி நுனிக்கு நகந்து, ஆபரேஷன் காலை நீட்டி, கையை ஊனி எழணும். ரொட்டி சானாய் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுங்க, மூணு மாசம்தானே.

31 அக்டோபர், காலை 8.50

தீபாவளி வாழ்த்துகள் எல்லாருக்கும். வருஷா வருஷம் அம்மா மணையில உக்காந்து எண்ணெய் வெச்சுக்குவாங்க, இந்த வருஷம் கை வெச்ச நாற்காலியில உக்கார வெச்சு நான்தான் தலையில எண்ணெய் வெச்சேன். பேரப்பிள்ளைங்க கால்ல விழுந்தப்ப தூக்கி விடக் குனியப் போனாங்க, மூணு பேரும் ஒரே குரல்ல பாட்டீன்னு கத்தினாங்க, சட்டுன்னு நிமிர்ந்துட்டாங்க. நின்னபடியே தலையில கை வெச்சு ஆசீர்வாதம். முறுக்கு சாப்பிடப் போறேன்.

10 நவம்பர், இரவு 9.00

பெரிய பந்து சின்ன பந்து என்ன வித்தியாசம்னு ஒருத்தங்க கேட்டிருக்காங்க. இங்கிலாந்துல சார்ன்லின்னு ஒரு டாக்டர் 1962ல இன்னைக்கு நாம பாக்குற மாதிரி மூட்டைக் கொண்டு வந்தப்ப பந்து 22.225 மில்லிமீட்டர்தான், முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. உரசல் கம்மியாகணும், பிளாஸ்டிக் தேயக்கூடாதுன்னு அப்படி வெச்சாரு. இப்ப பிளாஸ்டிக் நல்லா வந்துடுச்சு, 32, 36 மில்லிமீட்டர் போடுறாங்க. பந்து பெரிசானா கிண்ணத்தை விட்டு வெளிய வர அதிக தூரம் ஏறணும், அதனால சீக்கிரம் கழலாது. அம்மாவுக்கு 32. அப்படியும் கழண்டுச்சேன்னு கேட்டேன், டாக்டர் எக்ஸ்ரேவைக் காட்டி கிண்ணம் சாய்ஞ்ச கோணம் எல்லாம் சரியாத்தான் இருக்கு, உக்காந்த இடம்தான் சரியில்லன்னாரு.

கிண்ணத்தோட கோணத்துக்கு 1978லயே லெவினெக்னு ஒருத்தர் அளவு போட்டுக் கொடுத்திருக்காராம், படுக்கைக் கோட்டுலேர்ந்து 40 டிகிரி சாய்வு, முன்பக்கமா 15 டிகிரி திருப்பம், ரெண்டுலயும் பத்து டிகிரி அப்படி இப்படி. ஆனா அந்த அளவுக்குள்ள இருந்தும் கழண்டவங்க நிறையப் பேராம். இதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு தெளிவு வந்துச்சு, டாக்டரைக் குறை சொல்லி இல்ல. அவர் பங்கு ஆபரேஷன் மேசையோட முடிஞ்சுது. மீதி பங்கு நாற்காலி உசரத்துல, வெத்தலைப் பெட்டி இருக்கிற இடத்துல. வெத்தலைப் பெட்டி இப்ப இடது பக்கம், இடுப்பு உசரத்துல ஒரு குட்டி மேசை மேல இருக்கு. ரிமோட், போன், கண்ணாடி, தைலம் எல்லாம் அங்கதான். கீழ எது விழுந்தாலும் எடுக்க நீட்டுக் கிடுக்கி ஒண்ணு வாக்கர்ல கட்டித் தொங்குது. அந்த ஞாயித்துக்கிழமை அந்தக் கிடுக்கி அலமாரிக்குள்ள, பிரிக்காத பெட்டியில இருந்துச்சு.

26 நவம்பர், மாலை 4.30

நேத்தோட மூணு மாசம், ஆபரேஷன்லேர்ந்து இல்ல, கழண்ட நாள்லேர்ந்து. அன்னைக்கு ராத்திரி மயக்கம் கொடுத்து உள்ள தள்ளின பிறகு, முட்டி மடங்காம ஒரு பட்டை கட்டி விட்டாங்க, முட்டி மடங்கலைன்னா இடுப்பும் ரொம்ப மடங்காதாம். ஆறு வாரம் அதோட இருந்தாங்க. ஒரு தடவை கழண்டா திரும்பக் கழலுற வாய்ப்பு கூடன்னு சொல்லித்தான் நாளைத் திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணச் சொன்னாங்க. இன்னைக்கு எக்ஸ்ரே பாத்துட்டு டாக்டர் சிரிச்சாரு. கைத்தடி போதுமாம். தரையில உக்கார்றது, குந்துறது, மணை, இது மூணும் மட்டும் ஆயுசுக்கும் வேணாம்னாரு. அம்மா அவர்கிட்ட நேரா கேட்டாங்க, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறலாமான்னு. 513 படிம்மா, நானே மூச்சு வாங்குவேன், அடுத்த வருஷம் பேசலாம்னாரு.

பிறைவாசி அப்பாவும் வாக்கர் இல்லாம பிறை பாசார் வரைக்கும் நடந்துட்டாராம். இங்க எழுத ஆரம்பிச்சதுலேர்ந்து எனக்குக் கிடைச்ச நல்ல சேதிகள்ல இது பெருசு.

12 பிப்ரவரி 2025, இரவு 10.15

தைப்பூசம் முடிஞ்சு இன்னைக்குத்தான் உக்காந்தேன். அம்மா மலை ஏறல. முந்தாநாள் முருகனோட வெள்ளி ரதம் வர்ற வழியில எங்க தண்ணீர்ப் பந்தல்ல உக்கார வெச்சோம், வீட்டு நாற்காலியையே வேன்ல ஏத்திக் கொண்டு போனோம். ரோடு பூரா உடைச்ச தேங்காய், சிரட்டையும் தண்ணியும் வழுக்கல், அதனால நடைபாதை உள்பக்கமா போட்டு, முன்னாடி ரெண்டு பேரப்பிள்ளைங்க காவல். ரதம் கிட்ட வந்தப்ப கைத்தடியை ஊனி எழுந்து நின்னு கும்பிட்டாங்க. எலுமிச்சம்பழம் மடியில இருந்துச்சு, எழுந்ததும் உருண்டு ரோட்டுக்குப் போயிடுச்சு, எடுக்கப் போகல, போகட்டும் சாமிக்குன்னுட்டாங்க.

கமோட் நாற்காலி எங்களுக்கு இனி வேண்டாம். கழுவி வெயில்ல காய வெச்சு எடுத்து வெச்சிருக்கேன், பினாங்கு, பட்டர்வொர்த் பக்கம் யார் வீட்ல ஆபரேஷன்னாலும் இங்க எழுதுங்க, தம்பி வேன்ல கொண்டு வந்து கொடுப்பான், காசு வேணாம். கால் நாலும் இப்ப 48 சென்டிமீட்டர்ல இருக்கு, அது எங்கம்மா முட்டிக்கு. உங்க ஆளை நிக்க வெச்சு அளந்துட்டு மாத்திக்குங்க.